மலையகத்தில் சொஃப்ட்போல் தொடங்குகிறவர்களுக்கு: சாமான், மைதானம், விதிகள்

அணி ஒன்று தொடங்கப் போகிறோம், முதலில் எந்த மட்டை வாங்கலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மட்டையைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். கெச்சருக்கு (அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்) முகக்கவசமும் அடிப்பவர்களுக்கு ஹெல்மெட்டும் கைக்கு வரும்வரை அசல் சொஃப்ட்போல் பந்தை ஒருவரும் வேகமாக வீசக்கூடாது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தோட்ட மைதானங்களில் நடக்கிற மென்பந்து கிரிக்கெட்டைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. நான் சொல்வது நான்கு பேஸ் (ஒரு ஓட்டம் எடுக்கச் சுற்றி ஓடித் தொட வேண்டிய இடங்கள்), ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ் உள்ள சர்வதேச சொஃப்ட்போல். அதன் பந்து 178 முதல் 198 கிராம் வரை எடை, சுற்றளவு சுமார் 30.5 சென்ரிமீற்றர். கிரிக்கெட் கடினப்பந்தே 163 கிராமைத் தாண்டாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள். பெண்கள் போட்டியில் பந்து வீசும் இடத்துக்கும் அடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கும் இடையே இருப்பது 13.11 மீற்றர்தான். நல்ல பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், அடிப்பவருக்குக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவு. கெச்சருக்கும் அதே கதைதான், அதுவும் குந்தியிருந்தபடி.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, இது அருமையான விளையாட்டு. பொல்லால் பந்தை அடித்து ஓடுகிற நம் நாட்டு எல்லே விளையாடிப் பழகியவர்களுக்கு அடிக்கவும் ஓடவும் பந்தைத் துரத்திப் பிடிக்கவும் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிம்பிக்கிலும் இது பெண்கள் விளையாட்டாகத்தான் இருக்கிறது. 1996இல் அட்லாண்டாவில் சேர்ந்தது, 2008க்குப் பிறகு விடுபட்டது, டோக்கியோவில் ஒருமுறை திரும்பி வந்தது, 2028இல் லொஸ் ஏஞ்சலிஸில் மறுபடி வருகிறது. இன்று பத்து, பன்னிரண்டு வயதில் இருக்கிற ஒரு தங்கச்சிக்கு இது பெரிய கதவு. அந்தக் கதவைச் சரியாகத் திறந்து கொடுக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எதை முதலில் வாங்குவது

முதலாவது, கெச்சருக்கான முழு செட். முகக்கவசம், தலைக்கவசம், தொண்டைக் காப்பு, நெஞ்சுக் காப்பு, முழங்காலையும் சேர்த்து மூடுகிற கால் காப்பு. இதில் ஒன்று குறைந்தாலும் ஒழுங்கான போட்டியில் நடுவர் கெச்சரை உட்கார விடமாட்டார். கிரிக்கெட் கால் பேட்டைக் கட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரிவராது. அதைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகக் குந்தவும் முடியாது, சட்டென்று எழும்பி எறியவும் முடியாது. இன்னொரு விஷயம், போட்டிக்கு வெளியே, ஓரத்தில் நின்று பிட்ச்சரைச் சூடாக்கும்போதும் குந்தியிருந்து பிடிக்கிற பிள்ளை முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். அடிபடுவது அதிகமும் இந்த மாதிரி 'சும்மா ரெண்டு பந்து' நேரத்தில்தான்.

இரண்டாவது ஹெல்மெட். இரண்டு காதையும் மூடுகிற சொஃப்ட்போல் ஹெல்மெட்டாக இருக்க வேண்டும். எத்தனை வேண்டும்? இப்படிக் கணக்குப் போடுங்கள்: அடிக்கிறவருக்கு ஒன்று, அடுத்து அடிக்கத் தயாராக நிற்பவருக்கு ஒன்று, மூன்று பேஸிலும் ஆள் நின்றால் மூன்று. ஆக ஐந்து இல்லாமல் ஒரு இன்னிங்ஸை ஓட்ட முடியாது. சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தலை அளவு வேறு என்பதால் ஆறு ஏழு இருந்தால் நிம்மதி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஓடுகிறவர் வேண்டுமென்றே ஹெல்மெட்டைக் கழற்றினால் அவர் அவுட். வெற்றிக் களிப்பில் ஹெல்மெட்டைக் கழற்றி வீசுகிற பழக்கத்தைப் பயிற்சியிலேயே நிறுத்திவிடுங்கள். முகத்துக்கு முன்னால் கம்பி வைத்த ஹெல்மெட் கிடைத்தால் சிறுவர்களுக்கு அதையே எடுங்கள்.

மூன்றாவது கிளவ். களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு அணிகள் பேசிக்கொண்டு, இன்னிங்ஸ் மாறும்போது ஒரே செட்டை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடலாம், நட்புப் போட்டிக்கு அது போதும். வலக்கையால் எறிகிறவருக்கு கிளவ் இடக்கையில் வர வேண்டும். வாங்குகிற அவசரத்தில் இதை மறந்துவிட்டு, இடக்கைப் பிள்ளைக்கு கிளவ் இல்லாமல் போகிறது. பெரியவர்களுக்கு 12 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல், சிறு கைகளுக்கு 11 அல்லது 11.5 அங்குலம். கைக்கு மிஞ்சிய கிளவ் கழன்று பந்தோடு பறந்துவிடும். பிட்ச்சரின் கிளவ் பந்தின் நிறத்தில் இருக்கக் கூடாது.

இனி மட்டைக்கு வரலாம். நீளம் 34 அங்குலத்தை, அதாவது 86.4 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. தடித்த இடத்திலும் விட்டம் 2.25 அங்குலம், அதாவது 5.7 சென்ரிமீற்றருக்குள். எடை 1,077 கிராமுக்குள். பிடியில் வழுக்காத சுற்றும் அடியில் குமிழும் இருக்க வேண்டும். போட்டிக்கு முன் நடுவர்கள் ஒரு வளையத்துக்குள் மட்டையை நுழைத்துப் பார்ப்பார்கள். நுழையவில்லை என்றால் அந்த மட்டை வெளியே. பேஸ்போல் மட்டை பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், அது இதைவிடத் தடிமன். எல்லே பொல்லும் செல்லாது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பழைய மட்டை அனுப்பினால் சந்தோஷமாக வாங்குங்கள், ஆனால் நெளிவு, விரிசல், கழன்ற மூடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கீகார முத்திரை தெரிகிறதா என்றும் பாருங்கள். செல்லாத மட்டையோடு அடிக்க வந்து நின்றாலே அடிப்பவர் அவுட் ஆகக்கூடும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. கொம்போசிட் (நாரும் பிசினும் சேர்த்துச் செய்த) மட்டைகள் குளிரில் சீக்கிரம் விரிசல் விடும். ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே பாவிக்க வேண்டாம் என்று செய்கிறவர்களே எச்சரிப்பதுண்டு. நுவரெலியாவில் காலை ஏழு மணிப் பயிற்சி என்றால் அந்த விலை உயர்ந்த மட்டையை வீட்டில் விட்டுவிட்டு அலுமினிய மட்டையைக் கொண்டு போங்கள். முதல் வருடத்துக்கு ஒன்றிரண்டு அலுமினிய மட்டை தாராளம்.

சப்பாத்து பற்றி ஒரே வார்த்தை: ரப்பர் முள். இரும்பு முள் சிறுவர் போட்டிகளில் ஆகாது, நம் ஈரப் புல்லில் பெரியவர்களுக்கும் அவசியமில்லை.

மைதானம் அளப்பது

மலையைச் சரித்து எடுத்த மைதானம்தான் நமக்கு வாய்ப்பது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே தேயிலை. அந்த மேட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஹோம் பிளேட்டை மேட்டுக்கு முன்னால், 7.6 முதல் 9 மீற்றர் வரை இடைவெளி விட்டு வையுங்கள். கெச்சரைத் தாண்டுகிற பந்தெல்லாம் மேட்டில் பட்டு நின்றுவிடும், தனியாக வலை கட்டுகிற செலவு இல்லை. மேற்கே சாய்கிற வெயில் அடிப்பவர் கண்ணில் நேரே விழாத மூலையாகப் பாருங்கள். ஃபவுல் பந்துகள் பின்னாலும் பக்கவாட்டிலும்தான் பறக்கும் என்பதால் லயமோ பாதையோ பிள்ளைக் காம்பராவோ அந்தப் பக்கங்களில் இருந்தால் அந்த மூலை வேண்டாம்.

அளப்பதற்கு ஒரு அளவு நாடா, நான்கு முளை, ஒரு நைலோன் கயிறு போதும். ஹோமின் பின் முனை வரும் இடத்தில் ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து மைதானத்தின் நடுவை நோக்கி 25.86 மீற்றர் அளந்து இன்னொரு முளை அடியுங்கள், அது இரண்டாவது பேஸின் நடுப்புள்ளி. இப்போது 36.58 மீற்றர் கயிற்றை எடுத்து, சரிபாதியில், அதாவது 18.29 மீற்றரில் ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை ஹோம் முளையிலும் மறு நுனியை இரண்டாவது பேஸ் முளையிலும் கட்டுங்கள். ஒருவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் நடந்து, இரண்டு பாதியும் விறைக்கும்வரை இழுக்கட்டும். அவர் கால் வைத்த இடம் முதல் பேஸின் வெளிமூலை. அப்படியே இடப்பக்கம் வந்து இழுத்தால் மூன்றாவது பேஸ். முதலாவது, மூன்றாவது பேஸ்கள் இந்தச் சதுரத்துக்கு உள்ளே உட்கார வேண்டும். கயிறு நனைந்திருந்தால் இழுபடும், அதனால் முடிச்சிலிருந்து இரண்டு பாதியையும் நாடாவால் ஒருதரம் சரிபார்த்துவிடுங்கள்.

பிட்ச்சர் நிற்கிற பலகை 61 சென்ரிமீற்றர் நீளம், 15 சென்ரிமீற்றர் அகலம். அதன் முன் விளிம்பு ஹோமின் பின் முனையிலிருந்து பெண்களுக்கு 13.11 மீற்றர், ஆண்களுக்கு 14.02 மீற்றர். அதைச் சுற்றி 2.44 மீற்றர் ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம்.

ஹோம் பிளேட் ஐந்து பக்க ரப்பர். முன் பக்கம் 43.2, இரண்டு பக்கவாட்டும் 21.6, பின்னால் கூம்பி வருகிற இரண்டு பக்கமும் 30.5 சென்ரிமீற்றர். பயிற்சிக்குப் பழைய ரப்பர் விரிப்பில் வெட்டிக்கொள்ளலாம். மற்ற பேஸ்கள் 38 சென்ரிமீற்றர் சதுரம். உரச் சாக்கில் மரத்தூள் அடைத்துத் தைத்தால் பேஸ் ரெடி என்று தோன்றும். காய்ந்த தரையில் சரி, ஈரப் புல்லில் கால் வைத்ததும் சாக்கு சறுக்கும், கணுக்கால் திரும்பும். அசையாமல் முளையடித்துக் கட்டுங்கள், முடியாவிட்டால் தட்டையான ரப்பர் துண்டைப் பதியுங்கள். முதல் பேஸ் மட்டும் இரட்டைப் பேஸாக இருந்தால் மிகவும் நல்லது. உள்ளே பாதி வெள்ளை, களத்தில் நிற்கிறவருக்கு. வெளியே பாதி செம்மஞ்சள் போல வேறு நிறம், ஓடி வருகிறவருக்கு. இரண்டு பேர் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதை இது நிறையத் தடுக்கும்.

பள்ளத்து ஓரத்தில் கயிறு கட்டி எல்லை போடுங்கள். நேர்கோடுகளுக்குள் அடித்த பந்து நிலத்தில் படாமலே எல்லையைத் தாண்டினால் ஹோம் ரன். குத்தித் தாண்டினால் அடித்தவருக்கும் பேஸ்களில் நின்றவர்களுக்கும் இரண்டு பேஸ். மேட்டிலோ மரத்திலோ பட்டால் என்ன என்பதை ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணியும் நடுவரோடு நின்று பேசி முடித்துவிட வேண்டும், நடுவில் பேசினால் சண்டைதான்.

விதிகள்: கிரிக்கெட்டும் எல்லேயும் எங்கே காலை வாரும்

அடிப்படை சுருக்கமாக. பிட்ச்சர் கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும், பந்தை விடும்போது கை இடுப்புக்குக் கீழே. வீசும் முன் பந்தைக் கையில் வைத்து ஒரு கணம் நிற்க வேண்டும். முறை தவறினால் அடிப்பவருக்கு ஒரு 'போல்', அதாவது அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே வீசியதாகக் கணக்கு. அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்தை விட்டாலோ, மட்டையை வீசித் தவறினாலோ ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் அவுட், நான்கு போல் என்றால் முதல் பேஸ் இலவசம். மூன்று அவுட் ஆனால் பக்கம் மாறும். ஏழு இன்னிங்ஸ். சமநிலை என்றால் எட்டாவதிலிருந்து ஒவ்வொரு பாதியும் இரண்டாவது பேஸில் ஒரு ஆளை நிறுத்தித் தொடங்கும். சர்வதேச விதிப்படி ஐந்து இன்னிங்ஸ் முடிவில் ஏழு ஓட்டம் முன்னால் நின்றால் ஆட்டம் அத்தோடு முடியும். ஆரம்ப ஒன்பது பேரில் ஒருவர் வெளியே போனால் ஒருதரம் திரும்பி வரலாம், ஆனால் அடிக்கிற வரிசையில் தன் பழைய இடத்துக்குத்தான்.

கிரிக்கெட் பிள்ளைகளிடம் முதலில் மாற்ற வேண்டியது இரண்டு. ஒன்று, பின்னால் தட்டிவிட்டு ஓட்டம் எடுக்க முடியாது. ஹோமிலிருந்து முதலாவது, மூன்றாவது பேஸ் வழியாகப் போகிற கோடுகளுக்கு வெளியே விழுந்தால் ஃபவுல், ஸ்ட்ரைக் எண்ணிக்கை ஏறும். இரண்டு ஸ்ட்ரைக் ஏற்கெனவே இருந்தால் ஃபவுல் எண்ணிக்கையில் சேராது, பண்ட் பண்ணி (மட்டையைச் சுழற்றாமல் மெல்லத் தட்டி) ஃபவுல் ஆக்கினால் மட்டும் அவுட். மற்றது, உள்ளே விழுந்தால் ஓடியே ஆக வேண்டும், 'வேண்டாம், நில்' என்ற பேச்சே கிடையாது. மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் விட வேண்டும். கீழே போடுங்கள், வீசாதீர்கள், பின்னால் கெச்சரும் நடுவரும் இருக்கிறார்கள்.

எல்லே பழகிய கைகளுக்கு வேறு சிக்கல். எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் எறிந்து அவுட் ஆக்கலாம். இங்கே பந்தை எறிந்து ஆளில் பட்டால் அவுட் இல்லை, பந்து எங்கோ உருண்டு போகும், அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு பேஸ் ஓடிவிடும். அதைவிட முக்கியம், 190 கிராம் பந்தால் ஒரு பிள்ளையின் முதுகில் எறியக் கூடாது. இந்தப் பழக்கம் போகும்வரை களப் பயிற்சியை லேசான பந்தில் வையுங்கள்.

அப்படியானால் எப்படி அவுட் ஆக்குவது? புதியவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இதுதான், ஆகவே நின்று பார்ப்போம். பந்தை வைத்திருக்கிற கையாலோ, பந்து உள்ளே இருக்கிற கிளவ்வாலோ ஓடுகிறவரை அவர் பேஸில் இல்லாதபோது தொட்டால் அவுட், அது கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். ஓடுகிறவர் கட்டாயமாக முன்னே போக வேண்டிய நிலையில் இருந்தால் அவரைத் தொடக்கூடத் தேவையில்லை, பந்தோடு அவர் போக வேண்டிய பேஸில் கால் வைத்தாலே போதும். முதல் பேஸில் ஒரு பிள்ளை நிற்கிறாள், பந்து நிலத்தில் உருண்டு வருகிறது என்று வையுங்கள். அடித்தவள் முதல் பேஸுக்கு வருவதால் அங்கே நின்றவள் இரண்டாவதுக்குப் போயே ஆக வேண்டும், ஆகவே இரண்டாவது பேஸில் கால் வைத்தால் அவள் அவுட். அதே பந்தை முதலில் முதல் பேஸுக்கு எறிந்து அடித்தவளை அவுட் ஆக்கிவிட்டால் நிலைமை மாறிவிடும். பின்னாலிருந்து தள்ளுகிறவள் இல்லை, முன்னால் ஓடுகிறவளுக்குக் கட்டாயமும் இல்லை. இப்போது இரண்டாவது பேஸில் கால் வைத்தால் போதாது, அவளைத் தொட வேண்டும். இதை வாயால் விளக்கினால் ஏறாது. மூன்று பிள்ளைகளை பேஸில் நிறுத்தி, பந்தைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தடவையும் 'கட்டாயமா, இல்லையா?' என்று கேட்டு விளையாடுங்கள். சீக்கிரமே பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் பதில் சொல்வார்கள்.

ஓடுகிறவர்களுக்கு இன்னும் சில. பிட்ச்சரின் கையை விட்டுப் பந்து போகும்வரை பேஸை விட்டுக் கால் எடுக்கக் கூடாது, எடுத்தால் அவுட். பேஸ்போலைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் முன்கூட்டியே நகர்ந்து நிற்பார்கள், இங்கே அது இல்லை. உயரமாக அடித்த பந்தைப் பிடித்துவிட்டால் பழைய பேஸைத் திரும்பி வந்து தொட்ட பிறகுதான் முன்னேறலாம். முதல் பேஸை மட்டும் வேகத்தில் தாண்டி ஓடலாம், நேரே பேஸுக்குத் திரும்பினால் ஆபத்தில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாண்டினால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். அப்புறம் மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கெச்சர் பிடிக்காமல் விட்டால், முதல் பேஸில் ஆள் இல்லாதபோது அல்லது ஏற்கெனவே இரண்டு அவுட் ஆனபோது, அடிக்க நின்றவர் முதல் பேஸுக்கு ஓடலாம். நம் பிள்ளைகள் ஸ்ட்ரைக் மூன்று என்றதும் தலையைக் குனிந்து திரும்பி வருகிறார்கள். ஓடச் சொல்லுங்கள்.

போட்டி நாள்

அடிக்கும் வரிசை, இலக்கம், நிற்கும் இடம் எல்லாம் எழுதிய தாளை ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, முதுகில் தெளிவாகத் தெரிகிற இலக்கம். தோடு, வளையல், சங்கிலி, மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், மைதானத்தில் கழற்றினால் தொலைந்து போகும், அம்மா ஏசுவது பிள்ளைக்குத்தான். பிட்ச்சரின் எறிகிற கை விரலில் பிளாஸ்டரோ மணிக்கட்டில் பட்டியோ இருக்கக் கூடாது. கோயில் கயிறு கட்டியிருந்தால் நடுவரிடம் முதலே கேளுங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் மறு கையில் கட்டிவிடுங்கள்.

நேரத்தைத் தேர்வதும் ஒரு திறமை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவ மழை, ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை போட்டி வைப்பது நல்லது. பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் நடு ஆண்டில் காய்ந்து கிடக்கும், ஒக்ரோபருக்குப் பிறகுதான் பெருமழை. இரண்டு பக்க அணிகளும் பேசிக்கொண்டால் ஆண்டில் பெரும்பகுதி விளையாடலாம். எந்த மாதமானாலும் காலையில் தொடங்குங்கள், பின்னேரம் மூடுபனி இறங்கினால் வெளிக்களத்தில் நிற்கிறவருக்குப் பந்து தெரியாது, அந்த நிலையில் ஆட்டத்தை நிறுத்துவது நடுவரின் கடமை. ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால் மழையால் நின்றாலும் முடிவு செல்லும் என்பதால் முதல் ஐந்தை இழுத்தடிக்காமல் முடியுங்கள்.

கொண்டு வந்த தோல் கிளவ் நனைந்துவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போடாதீர்கள், தோல் விறைத்து வெடித்துவிடும். துணியால் ஒற்றி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்து, கிளவ்வில் பந்து உட்காருகிற குழியில் ஒரு பந்தையும் வைத்துக் கட்டி, காற்றுப் படுகிற நிழலில் விடுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். காய்ந்த பிறகு கிளவ்வுக்கு என்று விற்கிற எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் அடுத்த பயிற்சிக்குக் கிளவ் கையோடு வளையும்.